ஊர்வாயும் உள்ளக் குரலும்



'உலை வாயை மூடலாம். ஊர் வாயை மூட முடியாது' என்பது எம் முன்னோர் வாக்கு. யாழ்ப்பாணக் கிராமமொன்றில் வளர்ந்த நான் அவ்வூர்வாயின் இரு முகங்களையும் அறிவேன். வேலிக்கு மேலால் நலம் விசாரித்ததும், மரண வீட்டில் தோள் கொடுத்ததும் அதுவே. அயல்வீட்டுப் பெண்பிள்ளை சைக்கிளில் எங்கே சென்றாள் எனக் கணக்கு வைத்திருந்ததும் அதுவே. அந்த அரவணைப்பையும் கண்காணிப்பையும் ஒருங்கே சுமந்தபடிதான் நாம் சுவிற்சர்லாந்துக்கு வந்து சேர்ந்தோம்.

தனிமனித சுதந்திரம் இம்மண்ணில் தொன்றுதொட்டே தழைத்திருந்தது என நம்மவர் பலர் எண்ணுகின்றனர். வரலாறோ வேறு விதமாகக் கூறுகின்றது. பெண்களுக்கு வாக்குரிமை வழங்கலாமா என 1959 இல் நாடளாவிய வாக்கெடுப்பு நடைபெற்றபோது, வாக்களித்த ஆண்களில் மூவரில் இருவர் மறுத்தனர். 1971 பெப்ரவரி 7 அன்றுதான் அவ்வுரிமை கிட்டியது. மனைவி தொழிலுக்குச் செல்வதற்குக் கணவனின் சம்மதத்தை வேண்டிய பழைய குடும்பச் சட்டம், 1988 இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வரும்வரை நீடித்தது.

அப்பென்செல் இன்னர்றோடன் மாநிலத்தின் கதை இன்னும் வியப்புக்குரியது. அங்கு குடிமக்கள் ஆண்டுதோறும் திறந்த வெளியில் கூடி, அயலவர் காணக் கையுயர்த்தி வாக்களிப்பர். 1990 ஏப்ரலில் அச்சபையில் கூடிய ஆண்கள், மாநில வாக்குரிமையைப் பெண்களுக்கு மீண்டும் மறுத்தனர். அதே ஆண்டு நவம்பரில் சமஷ்டி உச்ச நீதிமன்றம் அம்மறுப்பு செல்லாது எனத் தீர்ப்பளித்தது. 1991 இல் பெண்களும் அவ்வெளியில் நின்று கையுயர்த்தினர். ஊரார் பெருந்தொகையினர் என்பதனால் மட்டும் அவர்கள் கூறுவது நீதியாகிவிடாது என்பதை நான் இதிலிருந்து கற்றேன்.

ஆயினும் ஊர் எப்போதும் தடையாகவே நிற்பதில்லை. கிளாறுஸ் மாநிலத்தில் இதே போன்ற சபையே 2007 இல் பதினாறு வயதினருக்கும் வாக்குரிமை வழங்கியது.

அந்தப் பதினாறாவது வயதிலேதான் எங்கள் மகள், தச்சுத் தொழில் பயிலப் போவதாக அறிவித்தாள். "பெண்பிள்ளைக்குத் தச்சு வேலையா? டொக்டராக்க வேண்டிய பிள்ளையல்லவா?" என ஊர்வாய் இங்கும் திறந்தது. நாங்கள் அவளிடம் இரு வினாக்களையே எழுப்பினோம். இத்தொழிலின் கடுமையை நேரில் கண்டாயா? இது உனது விருப்பமா, உன் தோழியரின் விருப்பமா? பட்டறையில் ஒரு வாரம் அறிமுகப் பயிற்சி பெற்ற பின்னரே முடிவெடுத்ததாகவும், தோழியர் எவரும் இத்துறையை நாடவில்லை என்றும் அவள் கூறினாள். தொழிற்பயிற்சி ஒப்பந்தத்தில் அவள் கையொப்பமிட்டாள். அவள் வயது குறைந்தவளாதலால், அதன் கீழே பெற்றோராகிய நாங்களும் ஒப்பமிட்டோம்.

மாணவச் செல்வங்களே, சுதந்திரம் என்பது பெற்றோரை எதிர்ப்பதன்று. ஆராய்ந்து தெளிந்து, தெளிந்ததற்குப் பொறுப்பேற்பதாகும். நண்பர் கூட்டமும் ஓர் ஊர்வாயே என்பதை மறவாதீர்கள். பெற்றோர்களே, ஊரார் என்ன சொல்வர் என்று கேட்பதற்கு முன்னர், பிள்ளை என்ன சொல்கின்றது என்று ஒருமுறை செவிமடுப்போம். ஊரின் அரவணைப்பைப் பேணுவோம். அதன் கண்காணிப்பைத் தளர்த்துவோம்.