பீப்பாயின் மூன்று நாட்கள்

எங்கள் ஆட்கள் பப்புக்குள் வந்தால் முதலில் கேட்பது, "அண்ணை, குளிரா ஒண்டும் இல்லையோ?" என்றுதான். இருக்கிறது. லாகர் குழாய்கள் வரிசையாக நிற்கின்றன, குவளை வியர்க்கும் அளவுக்குக் குளிரும். அதை ஊற்றிக் கொடுப்பதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. ஆனால் பக்கத்தில் நிற்கிற நீண்ட மரப்பிடிப் பம்புகளைக் காட்டி, "அது சூட்டு பீராமே?" என்று கேட்டால் மட்டும் சும்மா விடமாட்டேன். சூடு இல்லை. 11 பாகைக்கும் 13 பாகைக்கும் இடையில் இருக்கும். யாழ்ப்பாணத்து மார்கழி விடியல்கூட அதைவிடப் பத்துப் பாகை வெப்பம். இன்னும் குளிரவைத்தால் மணம் அடங்கிப்போகும், சூடு ஏறினால் பீர் நேரத்துக்கு முன்பே கெடத் தொடங்கும். கோடையோ பனியோ, அந்த இரண்டு பாகைக்குள் பீரை வைத்திருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

லண்டனின் தென்கிழக்கு ஓரத்தில் ஒரு பப்பின் நிலவறையைப் பார்த்துக்கொள்கிறேன். பீர் காய்ச்சுகிறவன் அல்ல நான். ஆனால் காஸ்க் ஏல் என்கிற இந்த ஊர் பீர் ஆலையிலிருந்து முடிந்த பொருளாக வருவதில்லை. வடிகட்டாமல், சூடேற்றிக் கிருமி நீக்காமல், ஈஸ்ட் உயிரோடிருக்கவே பீப்பாயில் அடைத்து அனுப்புகிறார்கள். உள்ளே மிச்சமிருக்கும் சர்க்கரையை ஈஸ்ட் மெல்லத் தின்று வாயுவாக்கிக்கொண்டே இருக்கும். முட்டியில் இறக்கிய பனங்கள் காலையில் ஒரு சுவையாகவும் மத்தியானம் தவறணையில் இன்னொரு சுவையாகவும் இருக்குமே, அந்தச் சாதிதான் இதுவும். வேகம் மட்டும் குறைவு. கள்ளுக்கு மணிக்கணக்கு, இதற்கு நாட்கணக்கு. அந்த நாட்களை நடத்தி முடிப்பது நிலவறைக்காரனின் வேலை.

எங்களுக்கு வருவது பெரும்பாலும் ஃபிர்கின் என்ற அளவுப் பீப்பாய். 9 கேலன், அதாவது 72 பைண்ட், ஏறக்குறைய 41 லீட்டர். அடியில் மண்டி தங்குவதால் 72-ஐயும் யாரும் விற்றுவிட முடியாது. வந்தவுடன் அதைப் படுக்கையாகத் தாங்கியில் ஏற்றி, இரு பக்கமும் ஆப்பு வைத்து அசையாமல் நிறுத்துவோம். வயிற்றின் மேல்பக்கத்தில் அடைப்பு ஒன்று இருக்கும். அதன் நடுக்குழியைத் துளைத்து ஒரு மென்மையான முளையை அடிப்போம். மூங்கிலில் செய்தது, நார்வழியே வாயு கசியும். அடித்த அடியோடு முளையின் தலையில் நுரை பொங்கும். சில பீப்பாய்கள் சீறி முகத்தில் தெறிக்கும், சில சோம்பேறித்தனமாக நாலு குமிழி விடும். நுரையைத் துடைத்துவிட்டு, திரும்பப் பொங்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்ப்பேன். பொங்குவது ஓய்ந்தால் மூங்கில் முளையைக் கழற்றிவிட்டு, வாயு வெளியேறாத கட்டை முளையை அடிப்பேன். அதை அரை நாள் பிந்தி அடித்தால் பீர் சப்பென்று போய்விடும். முந்தி அடித்தால் பம்பில் நுரைதான் வரும், பீர் வராது. பிறகு கீழ்ப்பக்க அடைப்பில் குழாயை வைத்து மரச்சுத்தியலால் ஒரே போடு. தயங்கித் தயங்கி அடித்தால் நிலவறையே குளித்துவிடும்.

வேலை பழக வந்த பொடியன் ஒருவன் ஒருநாள் குவளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அண்ணை, இது தெளிஞ்சிட்டுது. ஏத்தட்டோ?"

"மணந்து பார்."

மணந்தான். "ஒண்டும் தெரியேல்லை."

"அதுதான் தம்பி. கண்ணுக்குத் தெளிஞ்சது, வாய்க்கு இன்னும் தெளியேல்லை. நாளைக்குப் பாப்பம்."

தெளிவு என்பது பாதி ஏமாற்று. பீப்பாயை அடைக்கும்போது ஆலைக்காரர்கள் ஐசிங்கிளாஸ் என்ற திரவத்தைச் சேர்க்கிறார்கள். மீனின் காயவைத்த காற்றுப்பையை அமிலத்தில் ஊறவைத்துக் கரைத்தது அது. அதிலுள்ள கொலாஜன், மிதந்து திரியும் ஈஸ்டைப் பிடித்து அடியில் இழுத்துக்கொண்டு போய் அமர்ந்துவிடும். முன்பு ரஷ்யப் பக்கத்து ஸ்டர்ஜன் மீனிலிருந்து எடுத்தார்கள். அதன் விலைக்கு மாற்றுத் தேடி, இந்தியக் கரைகளில் இதை எப்படிச் சேகரிக்கலாம் என்று ஜோன் ஃபோர்ப்ஸ் ராயில் 1842-ல் ஒரு நூலே எழுதினார். பாக்கு நீரிணை மீனவருக்குக் கூறல் மீனின் காற்றுப்பை என்ன விலை போகும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இங்கே குவளையில் மின்னுகிற பழுப்பு பீருக்கும் மீனுக்கும் இப்படி ஒரு உறவு இருப்பது, அதை வாழ்நாளெல்லாம் குடித்த பல ஆங்கிலேயருக்கே தெரியாது. சைவ உணவுக்காரர் கேட்டால் நான் மறைப்பதில்லை. மீன் சேர்க்காமல், கலங்கலாகவே ஊற்றும்படி சில ஆலைகள் இப்போது அனுப்புகின்றன, அதைக் காட்டுவேன்.

பம்பை இழுக்கத் தொடங்கியதும் கணக்கு மாறிவிடும். வெளியே போகிற ஒவ்வொரு பைண்ட் பீருக்கும் ஈடாக அதே அளவு காற்று உள்ளே போகிறது. முதல் நாள் பீர் கொஞ்சம் பச்சையாக இருக்கும். ஹாப்ஸ் பூவின் கசப்பு முன்னே வந்து நிற்கும், மால்ட் என்ற முளைகட்டிய பார்லியின் சுவை பின்னால் ஒளிந்திருக்கும். இரண்டாம் நாள் இரண்டும் ஒன்றோடொன்று பழகிவிடும். காற்றின் தொடுதலால் ஒரு மெல்லிய பழவாசனைகூட எழும். மூன்றாம் நாள் விளிம்புகள் மழுங்கி, உருண்டு திரண்டு நிற்கும். சில கிழவர்கள் அதற்கென்றே காத்திருந்து வருவார்கள். நான்காம் நாள் ஈர அட்டைப்பெட்டி வாசனை, அதற்கப்புறம் வினாகிரி. எல்லாப் பீரும் இதே அட்டவணைப்படி நடக்காது, ஆனால் மூன்று நாளுக்குள் ஒரு பீப்பாயை விற்க முடியாத கடை அதைத் திறக்கவே கூடாது என்பது என் கட்சி.

ஊர் ஊராகப் பீர் தேடிப் போகிறவர்களிடம் எனக்கு இங்கேதான் பிணக்கு. இங்கே அவர்களுக்கு டிக்கர் என்று பெயர். குடித்த பீரின் பெயரை ஏட்டில் குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போவார்கள். இப்போது ஏட்டின் இடத்தில் கைப்பேசி. ஒரு பீரை அரைக் குவளை, அதுவும் அதன் வாழ்வில் ஏதோ ஒரு நாளில் குடித்துவிட்டு, அதற்கு ஐந்தில் மூன்று நட்சத்திரம் என்றால் அது எந்த நாளுக்கு? மூன்று நாளும் ஒரே பீரைக் குடித்துப் பாருங்கள் என்றால் சிரிக்கிறார்கள். அவர்களைக் குறைசொல்லவும் மனம் வருவதில்லை. 1971-ல் நாலு பேர் சேர்ந்து தொடங்கிய காம்ரா இயக்கம் இல்லாவிட்டால், பெரிய கம்பனிகள் வாயு ஏற்றிய கெக் பீரைத் தள்ளித் தள்ளி இந்தப் பீப்பாயையே ஒழித்துக்கட்டியிருக்கும். அந்த இயக்கத்துக்குக் கால் கொடுத்தவர்கள் இப்படி அலைந்து திரிந்தவர்கள்தான். பீர் பற்றிய எழுத்துக்கு வழிவகுத்த மைக்கேல் ஜாக்சனும் (பாடகர் அல்ல, 1977-ல் உலக பீர்களின் வழிகாட்டி நூல் எழுதியவர்) ஊர் ஊராக அலைந்தவர்தான். நுவரெலியாவில் பிறந்த எங்கள் லயன் ஸ்டவுட்டை வெள்ளைக்காரர் தேடிக் குடிப்பதற்கு அவர் எழுதியதே பெரிய காரணம்.

ஒரு ஊரின் பீர் அந்த ஊருடையது என்பதற்கு முதல் காரணம் தண்ணீர். பர்ட்டன் நகரின் கிணற்று நீர் ஜிப்சம் பாறை வழியாக ஊறி வருவதால் அதில் சல்ஃபேட் கூடுதல். அது ஹாப்ஸின் கசப்பை வறட்சியாக, கூர்மையாகத் தூக்கிக் காட்டும். அந்த ஊர் பீர் புதிதாக இருக்கும்போது, உரசிய தீக்குச்சியின் வாசனை ஒரு கணம் மூக்கில் ஏறி மறையும். தெரியாதவர்கள் கெட்டுப்போனது என்று திருப்பி அனுப்புவார்கள். 19-ஆம் நூற்றாண்டில் இந்தத் தண்ணீரால்தான் பர்ட்டன் ஆலைகள் இந்தியாவுக்குப் போன வெளிர் ஏலின் சந்தையை லண்டனிடமிருந்து பறித்தன. அதற்கு முன் லண்டனின் போ பகுதியில் ஹாட்ஜ்சன் என்பவரின் ஆலை, கப்பல் தலைவர்களுக்கு நீண்ட கடன் கொடுத்து அந்த வியாபாரத்தைப் பிடித்து வைத்திருந்தது. கடலில் கெடாமலிருக்க யாரோ மூளைசாலி திடீரென்று ஐபிஏ என்ற இந்த வெளிர் ஏலைக் கண்டுபிடித்தார் என்ற கதையை நம்ப வேண்டாம். கறுத்த போர்ட்டர் பீரும் அதே கடல்களைத் தாண்டி நல்லபடியாகவே போய்ச் சேர்ந்தது.

இரண்டாவது காரணம் ஈஸ்ட். சசெக்ஸில் லூயிஸ் என்ற சிறு நகரத்தின் ஆற்றோரத்தில் ஹார்விஸ் ஆலை இருக்கிறது. அவர்களுடைய பெஸ்ட் பிட்டர் 4 சதவீதம்தான், பார்க்கச் சாதாரணம். ஆனால் அதே ஈஸ்டை 1957 முதல் மாற்றாமல், ஒரு காய்ச்சலிலிருந்து எடுத்து அடுத்ததில் போட்டுக் காப்பாற்றி வருகிறார்கள். அந்தப் பீரில் மால்டுக்கும் கசப்புக்கும் அடியில் ஒரு மண்வாசனை கலந்த ஆழம் இருக்கிறது; முதல் பைண்டில் பிடிபடாது. 2006 கடைசியில், அந்த நகரத்து லூயிஸ் ஆர்ம்ஸ் பப்பின் உரிமையாளரான கிரீன் கிங் கம்பனி, ஹார்விஸ் பீரை நிறுத்திவிட்டுத் தன் பீரை மட்டும் ஊற்றத் தொடங்கியது. வாடிக்கையாளர் உள்ளே போக மறுத்து வாசலில் நின்றார்கள். 133 நாள் கழித்து, 2007 ஏப்ரலில், கம்பனி இறங்கி வந்தது. ஆலையோ அதே நகரத்தில், நடந்து போகிற தூரத்தில். அதைத் தூக்கிவிட்டு வேறு ஊர்ப் பீரை வைத்தால் அந்தக் கோபம் வராமல் என்ன செய்யும்.

வடக்கே போனால் வேறு சண்டை. யோர்க்‌ஷயர் பக்கம் பம்பின் வாயில் ஸ்பார்க்லர் என்ற சிறு துளைகள் கொண்ட மூடியைப் பொருத்துவார்கள். பீர் பீய்ச்சி அடித்து, மேலே தடித்த வெண்ணுரை ஏறும். குடித்து முடியும்வரை குவளையில் வளையம் வளையமாக ஒட்டும். தெற்கே அதைச் செய்தால் கசப்பும் மணமும் நுரைக்குள் போய்விட்டன என்று முகம் சுளிப்பார்கள். நான் பழகியது தெற்கே. என்றாலும் கீத்லியில் காய்ச்சும் டிமத்தி டெய்லரின் லாண்ட்லார்ட் பீரை அந்த நுரையோடு குடித்தபின், அதற்கு அதுவே பொருத்தம் என்று ஒத்துக்கொண்டேன். ஹார்விஸ் பெஸ்டுக்கு அந்த மூடியைப் போட ஒருநாளும் சம்மதிக்கமாட்டேன். லாண்ட்லார்ட் இன்னொன்றையும் பழக்கும்: பொறுமை. மற்றவை ஒரு நாளில் தெளிந்து நிற்கும்போது இது இன்னும் உறுமிக்கொண்டு கிடக்கும். அவசரக்காரன் நிலவறையில் இந்தப் பீர் நல்ல பெயர் எடுக்காது. ஒரே பீர், ஒரே தெருவில் இரண்டு கடைகளில் இரண்டு பீராக இருப்பதற்கு இதுதான் காரணம்.

மைல்ட் என்ற ஏல் வகை பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் யாரும் கேட்பதில்லை. கறுப்பாக இருக்கும், மதுவளவு பெரும்பாலும் 3-லிருந்து 4 சதவீதத்துக்குள், கசப்பு குறைவு. பர்மிங்ஹாமுக்கு மேற்கே பிளாக் கண்ட்ரி பக்கத்தில் உலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை செய்தவர்கள் வேர்வைக்கு ஈடாகக் குடித்தது. பிரையர்லி ஹில்லில் பேதம்ஸ் ஆலை இன்னும் காய்ச்சுகிறது. வயதானவர்களின் பானம் என்று இளையவர்கள் ஒதுக்கிவிட்டதால் தெற்கே இதை விற்பது கஷ்டம். எனக்குக் கிடைக்கிற இடத்தில் எல்லாம் வாங்குவேன்.

2002-ல் சிறிய ஆலைகளுக்கு வரியைக் குறைத்தார்கள். அதன்பின் ரயில் பாலத்தின் அடி வளைவுகளில், பண்ணைக் கொட்டகைகளில் எல்லாம் ஆலைகள் முளைத்தன. எல்டர்ஃபிளவர், காப்பிக்கொட்டை, மாம்பழம் என்று எதைப் போடவில்லை! நல்லவை பல வந்தன. அமெரிக்க ஹாப்ஸ் இந்த நாட்டு ஏலுக்குப் புதுமூச்சுக் கொடுத்ததை மறுக்க முடியாது. ஆனால் கடைக்காரர்கள் அதைக் கண்டு பம்புகளைப் பெருக்கினார்கள். நான் முன்பு வேலை செய்த ஓரிடத்தில் பத்துப் பம்பு வரிசையாக நிற்கும், ஆட்களோ செவ்வாய்க்கிழமை மாலையில் அதைவிடக் குறைவு. பத்தும் ஐந்தாம் நாளில், ஆறாம் நாளில் கிடந்தன. பார்வைக்குத் திருவிழா, வாய்க்கு வினாகிரி. இப்போதிருக்கும் இடத்தில் முதலாளியம்மாவோடு நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு மூன்றோடு நிறுத்தினோம். ஒன்று எப்போதும் மாறாத உள்ளூர் பிட்டர், ஒன்று கறுப்பு, மூன்றாவது வாரத்துக்கு வாரம் மாறும்.

புதிய ஊரில் பீர் தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது: பம்புகளை எண்ணாதீர்கள், பக்கத்து மேசைக்காரர் என்ன குடிக்கிறார் என்று பாருங்கள். "இன்றைக்கு எது நன்றாக ஓடுகிறது?" என்று கேளுங்கள், நல்ல கடையில் ஒரு வாய் சுவைக்கக் கொடுப்பார்கள். கெட்டிருந்தால் திருப்பிக் கொடுக்கத் தயங்க வேண்டாம். நான் குவளையை மணந்து பார்த்து, நீங்கள் சொன்னது சரி என்றால் பம்பில் உள்ள பீரின் பெயர்ச்சீட்டைத் திருப்பி வைத்துவிட்டுக் கீழே இறங்குவேன். குவளையைக் கொண்டுவரக் கூச்சப்பட்டுப் பாதியை மேசையில் விட்டுப் போகிறவர்களால்தான் எனக்கு நட்டம். எந்தப் பீப்பாய் கெட்டுவிட்டது என்று அவர்கள் எனக்குச் சொல்வதேயில்லை.