டயப்பர் போய் வேட்டி வந்தது

புனேயில் குப்பை எடுக்க வரும் அக்கா, ஒருநாள் எங்கள் பையைப் பிரித்து டயப்பர்களை வெறுங்கையால் தனியே பொறுக்கிப் போட்டதைப் பார்த்தேன். டயப்பரைப் பத்திரமாகச் சுற்றித்தான் தரணும்னு 2016-லேயே விதி வந்துவிட்டதாம். வெட்கமாப் போச்சுங்க.

ஊருக்கு போன் போட்டேன். அப்பாவின் பழைய வேட்டிகளைக் கிழித்து, ஓரம் தைத்து கூரியரில் அனுப்பினாங்க அம்மா. பகலில் துணி, ராத்திரிக்கு மட்டும் டயப்பர் (தூக்கம் முக்கியம் சாமி!). வாசனைக்காகக் கண்டிஷனரில் அலசினால் துணி ஈரத்தை உறிஞ்சாது என்பது லேட்டாகத்தான் புரிந்தது. ஜூலை மழையில் ஃபேனுக்கடியில் கொடி கட்டியும் காயவில்லை. இஸ்திரிப் பெட்டிதான் காப்பாற்றியது.

நேற்று அந்த அக்கா பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மராத்தியில் கேட்டாங்க: "பாப்பா ஊருக்குப் போயிட்டாளா?"