சொல்லக் கூசும் மரு

சில நோய்களை வாய்விட்டுச் சொல்லவே நமக்குக் கூச்சம். தலைவலி என்றால் தெருவுக்கே தெரியும். சிறுநீர் போகிற இடத்தில் ஒன்று என்றால் கட்டின மனைவிக்குக்கூடத் தெரியாது. மணவூரில் என் கணவரும் இரண்டு மாதம் அப்படித்தான் மறைத்தார். துணியில் ரத்தக் கறையைப் பார்த்து நான் கேட்ட பிறகே சொன்னார். சிறுநீர்த் துவாரத்தின் உள்ளே மரு!

"சுண்ணாம்பு வெச்சா உதிர்ந்துடுமாம்" என்றார். "அந்த வேலையே வேண்டாங்க" என்றேன். உள்ளே வெந்து தழும்பு விழுந்தால் சிறுநீரே அடைத்துக்கொள்ளும். லோக்கல் ரயில் பிடித்து சென்னைக்கு வந்தோம். சென்ட்ரலுக்கு எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனையில் பால்வினை நோய்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். இது எச்.பி.வி. என்ற வைரஸால் வருவது. பெரும்பாலும் 6, 11 ஆம் வகைகள். இவை புற்றுநோயாக மாறுவது மிக அரிது. துவாரத்தின் வாயில் இருந்தால் திரவ நைட்ரஜனால் உறைய வைக்கலாம், அல்லது மரத்துப்போக ஊசி போட்டு வெட்டி எடுக்கலாம். ஆழத்தில் இருந்தால் மெல்லிய கருவியை உள்ளே விட்டுப் பார்த்து, மின்சாரத்தாலோ லேசராலோ சுட்டு எடுப்பார்கள். வெளி மருவுக்கான மருந்தை நாமாக உள்ளே தடவக் கூடாது. மரு போனாலும் வைரஸ் தங்கலாம்; முதல் சில மாதங்களில் திரும்ப வருவது சகஜம். ஆகவே மறுபடி காட்டிக்கொள்ள வேண்டும்.

இவருக்கு வாயிலேயே இருந்ததால் உறைய வைத்தே சரியாயிற்று.

"இது எங்கேருந்து வந்தது டாக்டர்?" என்று கேட்டேன். என் குரல் நடுங்கியது. "வைரஸ் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில்கூட உறங்கிக் கிடக்கும்மா. யாரிடமிருந்து, எப்போது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது" என்றார். அதைக் கேட்டதும் என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. சண்டைக்கு இருந்த தெம்பை வைத்தியத்துக்குத் திருப்பினோம்.

நானும் பரிசோதித்துக்கொண்டேன். மரு இல்லை. கருப்பைவாய்ப் பரிசோதனையும் முடிந்தது. முப்பது வயதைத் தாண்டிய பெண்கள் எல்லாருமே செய்துகொள்ள வேண்டியது அது.

பெண் குழந்தை இருக்கிறதா? 9 முதல் 14 வயதுக்குள் எச்.பி.வி. தடுப்பூசி போடுவது நல்லது. புனே சீரம் நிறுவனத்தின் செர்வாவாக் 2023இல் வந்தது. 6, 11, 16, 18 வகைகளைத் தடுக்கும். வந்துவிட்ட மருவை அது போக்காது. ஆணுறை ஓரளவே காக்கும்.

சகோதரிகளே, உங்கள் வீட்டுக்காரர் எதையாவது மறைத்துச் சிரமப்படுவது தெரிந்தால், "யார் காரணம்?" என்பதற்கு முன், "எப்போ டாக்டர்கிட்ட போகலாம்?" என்று கேளுங்கள்.