இறங்க வேண்டாமா?

என் மனைவியின் தம்பிக்குக் கொல்லிமலையில் கொஞ்சம் மிளகும் காப்பியும் உண்டு. ஒரு பழைய ஜீப்பும் உண்டு. மிளகைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. பேச்செல்லாம் ஜீப்பைப் பற்றித்தான். அதற்குப் புதிதாக ஒரு டீசல் எஞ்சின் வைத்த அன்று, பெண்ணுக்கு வரன் நிச்சயமானவர் போல எனக்கு டெலிபோன் செய்தார்.

"மாமா! பின்னால் ஒரு டன் டிரெய்லரைக் கட்டினாலும் மலையைப் பிய்த்துக்கொண்டு ஏறுகிறது!"

ஏறுகிறது, சரி. இறங்க வேண்டாமா? இந்தக் கேள்வி அப்போது எனக்கும் தோன்றவில்லை.

போன ஆனி மாதம் டிரெய்லர் நிறையப் பலாப்பழத்தோடு இறங்கினோம். அவர், நான், நடுவில் அவருடைய பத்து வயதுப் பெண். காரவள்ளி அடிவாரம்வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி மலை தாண்டியிருப்போம். ஒரு கருகல் வாசனை வந்தது. காட்டில் யாரோ சருகு கொளுத்துகிறார்கள் என்று நினைத்தேன். கதை எழுதுகிறவனுக்கு வேறென்ன தோன்றும்?

மைத்துனர் பிரேக்கை மிதித்தார். பெடல் கல் மாதிரி இருந்தது, வண்டி கேட்கவில்லை. டிரெய்லரோ பின்னாலிருந்து கல்யாணப் பந்திக் கூட்டம்போல் முட்டித் தள்ளிற்று.

"ஏம்ப்பா நிக்க மாட்டேங்குது?" என்றாள் குழந்தை.

அவர் பதில் சொல்லவில்லை. கியரை இறக்கி, வண்டியை மலைப் பக்கத்துச் சாக்கடையில் விட்டார். பாறையில் உரசி நின்றது. குழந்தையின் நெற்றி புடைத்துவிட்டது. சக்கரங்களிலிருந்து புகை. தண்ணீர் ஊற்றப் போன என்னைக் கையைப் பிடித்துத் தடுத்தார். காய்ந்த இரும்பு டிரம் விரிசல் விட்டுவிடுமாம். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், பேசாமல்.

அன்றிரவு, படித்த அரைகுறைப் பௌதிகத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். ஜீப்பும் டிரெய்லரும் சேர்ந்து இரண்டரை டன். இறக்கம் சுமார் 1,000 மீட்டர். அவ்வளவும் உஷ்ணமாக மாறினால் 70 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம்! எஞ்சின் தாங்காத பங்கை அத்தனை சிறிய டிரம்கள் தாங்க வேண்டியிருந்தது.

நாமக்கல்லில் ஒரு மேஸ்திரி. பிரேக் ஆயிலைத் திறந்து பார்த்தார். டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. "தண்ணி குடிச்சிருக்குதுங்க" என்றார். டாட் 3 ரக ஆயில் புதிதாக இருக்கையில் 205 டிகிரிவரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 140க்கே இறங்கிவிடலாம். கொதித்தால் பெடல் தரையோடு போய்விடும். அந்தக் கட்டம்வரை நாங்கள் போகவில்லை என்பது தெய்வ கிருபை.

டிரம் சூட்டில் விரிந்து, உள்ளிருந்து அழுத்தும் ஷூவை விட்டு விலகும். லைனிங்கும் பிடிப்பை இழக்கும். டிஸ்க் அப்படியல்ல. காற்றில் சுழன்று சீக்கிரம் ஆறும். தடித்தாலும் பேடை நோக்கித்தான் தடிக்கும்.

"ஒருக்கா நிக்கறது பெரிசில்லீங்க. அம்பதாவது வாட்டியும் நிக்கோணும்" என்றார் மேஸ்திரி.

அவர் சொன்ன செலவைக் கேட்டு மைத்துனர் முகம் சுண்டிப்போயிற்று. முன் சக்கரங்களுக்கு டிஸ்க். அதற்குக் கால் பலம் போதாது என்பதால் பூஸ்டர். டீசல் எஞ்சினில் அதை இழுக்க வாக்குவம் கிடையாது. ஆகவே தனியே ஒரு பம்பு. ஒரு குழாய் உடைந்தாலும் இரண்டு சக்கரமாவது பிடிக்கும்படி இரட்டை மாஸ்டர் சிலிண்டர். டிரெய்லருக்கும் தன் பிரேக்: அது முன்னால் தள்ளும்போது அந்தத் தள்ளலே அதன் பிரேக்கை அழுத்தும்.

"அடுத்த வருஷம் பார்க்கலாமே, மாமா. எஞ்சினுக்கே நிறையப் போய்விட்டது" என்றார்.

நான் வாதாடவில்லை. அவர் மனைவி வாதாடினாள் என்றும் சொல்வதற்கில்லை. குழந்தை இனி அந்த வண்டியில் ஏறமாட்டாள் என்று ஒரே வாக்கியம் சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். மறுவாரம் ஜீப் நாமக்கல்லில் நின்றது.

ஐப்பசியில் மறுபடி இறங்கினோம், வாழைத்தார்களோடு. மைத்துனர் எஞ்சினைப் பற்றி வாயே திறக்கவில்லை. அந்தப் பாறை வந்ததும் குழந்தை, "அப்பா, இங்கே நிறுத்து" என்றாள். நிறுத்தினார். டிரெய்லரும் சாதுவாக நின்றது.

அவள் பாறையைப் பார்த்தாள்; அப்பாவின் காலைப் பார்த்தாள்.

"இன்னொரு வாட்டி" என்றாள்.