சுவரின் பின்முகம்

கிருலப்பனையிலே ஹைலெவல் வீதியிலிருந்து கால்வாய்ப் பக்கமாக இறங்கும் நிலத்தில் மண்ணைத் தாங்கிநிற்கும் சுவர்கள் பல உள. 2010 நவம்பர் வெள்ளத்தின் பின்னர், உலக வங்கி 2012இல் ஒப்புதலளித்த 213 மில்லியன் டொலர் கடனுதவியோடு கொழும்பின் கால்வாய்க் கரைகள் திருத்தப்பட்டன. ஒழுங்கைவாசிகளின் வளவுச் சுவர்களோ அவரவர் சேமிப்பையே நம்பியிருந்தன.

அத்தகைய வளவொன்றுக்கு 2022 மே மாதத்தில் ஓய்வுபெற்ற மதிப்பீட்டாளர் ஒருவர் வெள்ளவத்தையிலிருந்து அழைக்கப்பட்டார். வீட்டுக்காரர் ஓய்வூதியம் பெறும் ஆசிரியர். பழைய கற்சுவர் மழைக்குச் சரிந்துவிட்டது. பத்து மீற்றர் நீளமும் இரண்டு மீற்றர் உயரமுமாகக் கொங்கிறீற்றுச் சுவர் எழுப்ப ஒப்பந்தகாரர் இருவர் விலை கொடுத்திருந்தனர். இரண்டுக்குமிடையே பெரும் வேறுபாடு. மலிவானதை ஏற்கலாமா என்பதே ஆசிரியரின் கேள்வி.

மதிப்பீட்டாளர் முதலில் பார்த்தது பலகையடைப்பின் கணக்கை. கொங்கிறீற்றைக் கனமீற்றரிலும் கம்பியை நிறையிலும் அளப்பர். பலகையடைப்பை, கொங்கிறீற்றைத் தொடும் பரப்பினால் அளப்பர். 200 மில்லிமீற்றர் தடிப்புள்ள அச்சுவருக்குக் கொங்கிறீற்று 4 கனமீற்றர். பலகை இரு முகங்களுக்குமாக 40 சதுர மீற்றர். தடிப்பை இரட்டித்தாலும் பலகை அதே நாற்பதுதான். கழற்றிக்கொண்டு போய்விடும் பொருளுக்குக் காசு கொடுக்க எவருக்கும் மனம் வருவதில்லை. ஆயின், ஈரக் கொங்கிறீற்றை இரண்டு மீற்றருக்கு ஒரேயடியாக நிரப்பினால் அடிப்பலகையைச் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 5 தொன் தள்ளும். அதைத் தாங்கும் முட்டுகளும் தச்சரின் நாட்கூலியுமே அந்தச் செலவு.

மலிவான மதிப்பீட்டில் 20 சதுர மீற்றரே காணப்பட்டது. வெட்டிய மண்ணையே பின்முகத்துக்கு அச்சாக்கி வார்ப்பது ஒப்பந்தகாரரின் எண்ணம்.

“மண் பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள்?” என்றார் ஆசிரியர்.

“கம்பி அந்தப் பக்கத்தில்தான் நிற்கிறது, மாஸ்டர்.”

மண் தள்ள, சுவர் முன்னோக்கி வளைய முயலும். இழுவிசை பின்முகத்திலே தோன்றும். ஆகவேதான் குத்துக் கம்பிகள் அங்கே நிற்கின்றன. 12 மில்லிமீற்றர்க் கம்பி, 200 மில்லிமீற்றர் இடைவெளியில் 51, ஒவ்வொன்றும் 3 மீற்றர், மீற்றருக்கு 0.888 கிலோ; மொத்தம் 136 கிலோ. மண்ணோடு நேரே வார்ப்பதாயின் கம்பிக்கு வெளியே 75 மில்லிமீற்றர்க் கொங்கிறீற்று வேண்டும். இவ்வளவு மெல்லிய சுவரில் அதைக் கொடுத்தால் கம்பி நடுவை அண்மித்து வலுக்குன்றும். கொடாவிட்டால் ஈரமண் கம்பியைத் துருவாக்கும். மிச்சப்பட்ட 20 சதுர மீற்றர், கணக்கிட்ட 136 கிலோவைப் பொய்யாக்கிவிடும்.

ஆசிரியர் நெடுநேரம் பேசவில்லை. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் அப்போது 360ஐ அண்மித்திருந்தது. ஓய்வூதியம் அவ்வாறு ஏறவில்லை. நேர்மையான மதிப்பீடு அவருடைய கைக்கு எட்டாததாகவே இருந்தது. சரியானதைச் சொல்லிவிட்டு எழுந்து போவது மதிப்பீட்டாளருக்கு எளிது. அவர் போகவில்லை.

வளவின் விளிம்பை வெட்டிச் சாய்த்து, சுவரை ஒன்றரை மீற்றராக்கினால் என்ன? பலகை 30 சதுர மீற்றராகும். கொங்கிறீற்று 3 கனமீற்றராகும். அடியில் வளைக்கும் விசையோ உயரத்தின் கனத்தைப் பொறுத்தது. அது பாதிக்கும் கீழே இறங்கும். சரிவின் பாரத்துக்காகச் சற்றுக் கூட்டிக்கொண்டாலும் கம்பி குறையும். இரு முகத்துக்கும் பலகை உண்டு. நீர் வடியத் துளைகளும் உண்டு.

சரிவுக்காக வெட்டவேண்டிய இடத்தில் ஆசிரியரின் மனைவி வைத்த முருங்கை நின்றது. அவர் உள்ளே சென்று கேட்டுவர, மதிப்பீட்டாளர் கொப்பியைத் திறந்தபடியே காத்திருந்தார்.