எட்டாத தண்டவாளம்

தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றில் தந்தையும் மகளும் மாதிரித் தொடர்வண்டிப் பாதை அமைக்க விரும்பினர். தந்தை பல்லாண்டு ஆசைப்பட்டு வாங்கிய இயந்திரம் ஒன்று வீட்டில் இருந்தது. அது எச்.ஓ. அளவினது, உண்மை வண்டியில் 87இல் ஒரு பங்கு. அதன் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர்.

பாதையைத் தாங்கும் மரச்சட்ட மேசையை முதலில் கணினி மென்பொருளில் வரைந்தனர். வளைவின் ஆரம் 46 சென்டிமீட்டர். எனவே வட்டத்தின் விட்டமே 92 ஆயிற்று. மேசைக்கு 120 சென்டிமீட்டர் அகலம் கொடுத்து, அதைச் சுவரை ஒட்டி நிறுத்தினர். திரையில் வண்டி தடையின்றி ஓடியது. தந்தை மரம் வாங்கப் புறப்பட்டார்.

மகளோ உணவு மேசையருகே நின்று கையை நீட்டி, எட்டிய தொலைவை நாடாவால் அளந்தாள். 60 சென்டிமீட்டரே இருந்தது.

"சுவரோரம் வண்டி கவிழ்ந்தால் யார் எடுப்பது, அப்பா?" என்றாள்.

தந்தை திகைத்தார். வளைவையும் சரிவையும் பிழையின்றிக் கணித்த மென்பொருளிடம் அவளுடைய கைநீளத்தை எவரும் சொல்லியிருக்கவில்லை.

வரைபடம் மாறியது. 160இல் ஒரு பங்கான 'என்' அளவில் தண்டவாள இடைவெளி 9 மில்லிமீட்டர். வளைவின் ஆரம் 25 சென்டிமீட்டராகச் சுருங்க, 60 சென்டிமீட்டர் அகலமே போதுமானதாயிற்று. மரம் அறுக்கப்படுமுன் தவறு திருந்தியது. பழைய இயந்திரம் அலமாரியில் அமர்ந்தது. தந்தை அதைச் சிறிது நேரம் பார்த்து நின்றார்.

புதிய மேசையில் முதல் வண்டி சுவரோரம் கவிழ்ந்தபோது, அதை எடுத்து நிறுத்தியது மகளின் கை.