சிக்கு விழுந்த இழைகள்

எங்கள் பாளையம்பட்டியில் வயதானவர் ஒருவர் மறந்து மறந்து பேசத் தொடங்கினால், தெரு உடனே தீர்ப்புச் சொல்லிவிடும். “வயசானா அப்படித்தான்” என்பார்கள் இரக்கமுள்ளவர்கள். “கிழவி வேணும்னே நடிக்குது” என்பார்கள் மற்றவர்கள். இரண்டுமே உண்மையில்லை என்பதை என் பெரியம்மாவின் கடைசிக் காலத்தில் கண்ணெதிரே பார்த்தேன்.

வாழ்நாளெல்லாம் தறிக்குத் தார் சுற்றிய கை அவருடையது. சுருக்குப்பையை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்துவிட்டு, மருமகள் எடுத்துக்கொண்டாள் என்று வாசலில் நின்று சத்தம் போடுவார். பொழுது சாய்ந்தால் சொந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே, “ஏ தாயி, இருட்டப் போகுது, என்னைய எங்க வீட்ல கொண்டுபோய் விடு” என்று கெஞ்சுவார். “இதுதான் அத்தை உங்க வீடு” என்று அந்த மருமகளான என் மதினி சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோவார்.

இதற்கெல்லாம் காரணம் மூளைக்குள் திரளும் புரதம். புரதம் என்றால் நமக்குப் பருப்பும் முட்டையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் உடம்பின் செல்கள் ஆயிரக்கணக்கான வகைப் புரதங்களைத் தாமே செய்துகொள்கின்றன. ஒவ்வொன்றும் நீண்ட சங்கிலி. தனக்குரிய வடிவத்தில் மடங்கினால்தான் வேலை செய்யும். மடிப்புத் தவறியவற்றைச் செல்லே அப்புறப்படுத்திவிடும். வயது ஏற ஏற அந்தத் துப்புரவு மந்தமாகிறது. தார் சுற்றும்போது ஓர் இழை முறுக்கேறிச் சிக்கு விழுந்தால் பக்கத்து இழைகளையும் இழுத்துக்கொள்ளுமே, அதுபோலத் தவறாக மடிந்த புரதம் தன் இனத்து நல்ல புரதத்தையும் தன் கோணலுக்குத் திருப்பிவிடுகிறது.

ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் 1906-இல் இதன் தடயத்தை உலகுக்குக் காட்டினார். 51 வயதில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஒரு பெண்ணின் மூளையை, அவர் இறந்தபின் நுண்ணோக்கியில் பார்த்தபோது, செல்களுக்கு வெளியே திட்டுகளும் உள்ளே முடிச்சுகளும் தெரிந்தன. வெளியே இருப்பது அமைலாய்டு பீட்டா, உள்ளே இருப்பது டவ் என்று பிற்பாடு கண்டறிந்தார்கள். பெரிய திட்டுகளைவிட, சில மூலக்கூறுகள் மட்டுமே ஒட்டிக்கொண்ட சிறு கொத்துகளே அதிகக் கேடு செய்வதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அவை நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று பேசும் சந்திப்புகளைக் கெடுக்கின்றன. டவ் புரதமோ, செல்லின் நீண்ட கிளைக்குள் சரக்கு போய்வரும் நுண்குழாய்களைத் தாங்குவது. அது கழன்று முடிச்சானால் போக்குவரத்து தடைப்பட்டு, கிளையும் பின்பு செல்லும் வாடுகின்றன.

புது நினைவைப் பதியவைக்கும் பகுதியைத்தான் அல்சைமர் நோய் முதலில் தாக்குகிறது. காலையில் வைத்த சுருக்குப்பை மறந்துபோக, கல்யாணத்தன்று கட்டிய சேலையின் கரை பெரியம்மாவுக்கு நினைவிருந்தது அதனால்தான். அவர் முதன்முதலில் தடுமாறுவதற்குப் பல வருடங்கள் முன்பே உள்ளே புரதம் திரளத் தொடங்கியிருக்கும்.

பார்க்கின்சன் நோயிலும் இதே கதைதான்; அங்கே திரள்வது ஆல்ஃபா சைனியூக்ளின் என்னும் வேறொரு புரதம். இங்கே ஜி. என். ராமச்சந்திரனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து, ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவருடனும் சேர்ந்து கணக்கிட்டு வரைபடமாகத் தந்தவர் அவர். புரத வடிவங்களைச் சரிபார்க்க உலகமெங்கும் இன்றும் அந்த வரைபடத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். அவரையே முதுமையில் பார்க்கின்சன் நோய் பிடித்தது. 2001-இல் சென்னையில் காலமானார். புரதத்தின் மடிப்பை அவ்வளவு ஆழமாக அறிந்தவராலும் தன் மூளைக்குள் நடந்ததைத் தடுக்க முடியவில்லை. பெரியம்மா மட்டும் மனசு வைத்தால் சரியாகிவிடும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

2023-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் 88 லட்சம் பேருக்கு அல்சைமர் உள்ளிட்ட மறதிநோய் இருக்கும் என்று மதிப்பிட்டது. நகரத்தைவிடக் கிராமத்தில், ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். அதே ஆண்டு அமெரிக்கா முழு அனுமதி அளித்த லெக்கனமாப் மருந்து அமைலாய்டைக் குறைக்கிறது. ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு நோயின் வேகத்தை ஓரளவு தணிக்கிறது. மூளை வீக்கம், ரத்தக்கசிவு ஆகிய அபாயங்களும் உண்டு. செத்த செல்லை அது மீட்பதில்லை.

நம் கையில் இருப்பவை வேறு. நடுவயதிலேயே ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்தால் மறதிநோய் வரும் வாய்ப்பு குறையும். வைட்டமின் பி12 குறைவாலும் தைராய்டு கோளாறாலும் வரும் மறதிக்குச் சிகிச்சை உண்டு. ஆகவே வயதின் மேல் பழி போடாமல், மறந்து மறந்து பேசுபவரை மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்கு ஒருமுறை அழைத்துப் போய்க் காட்ட வேண்டும்.

மதினி பிறகு வாதாடுவதை விட்டுவிட்டார். “சரி அத்தை, காப்பி குடிச்சிட்டுப் போவோம்” என்பார். பெரியம்மாவும் தணிந்துவிடுவார். ஆனால் அந்தப் பொறுமைக்கு ஓர் ஆள் ராத்திரியெல்லாம் விழித்திருக்க வேண்டியிருந்தது. பெரும்பாலும் அது மருமகளாகவோ மகளாகவோதான் இருக்கிறது. திருப்பூரிலும் சென்னையிலும் இருந்துகொண்டு போனில் நலம் விசாரிக்கும் பிள்ளைகள், மாதத்தில் சில இரவுகளாவது வந்து அந்தக் கட்டிலருகே படுத்து, விழித்திருக்கும் அந்தப் பெண்ணைத் தூங்கவிட வேண்டும்.